ஒன்று நுழைய வேண்டும், மற்றொன்று நுழையக் கூடாது

1854ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலைக்குப் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய குழு ஒன்று வந்து சேர்ந்தது. அங்கே செய்யப்படும் துப்பாக்கிகளில் ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம் என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். சோதித்தே பார்த்துவிடுவோம் என்று, 1844 முதல் 1853 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளை எடுக்கச் சொன்னார்கள். பத்தையும் தங்கள் கண்ணெதிரே கழற்றச் செய்து, உறுப்புகளை வரிசையாக வைத்த பெட்டிகளில் கலந்து போட்டார்கள். பிறகு கைக்கு அகப்பட்ட உறுப்பைக் குழுவினரே எடுத்து நீட்ட, ஒரு தொழிலாளி பூட்டிக்கொண்டே போனார். அவர் கையில் இருந்த கருவி ஒரு திருப்புளி மட்டும். அராவிச் சரிசெய்ய அரம்கூட இல்லை. பத்துத் துப்பாக்கிகளும் மறுபடி முழுமையாயின.

இதில் என்ன வியப்பு என்று இன்று தோன்றலாம். அன்றைக்குத் துப்பாக்கி என்பது கைவினைப் பொருள். பர்மிங்ஹாமில் ஒருவர் குழலைச் செய்வார், ஒருவர் விசைப்பொறியைச் செய்வார், ஒருவர் மரக்கட்டையைச் செதுக்குவார். கடைசியில் ஒரு கைதேர்ந்த வினைஞர் இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, இடிக்கும் இடத்தை அராவி, மறுபடி வைத்துப் பார்த்து, மறுபடி அராவி இசைய வைப்பார். அப்படிப் பிறந்த துப்பாக்கியின் திருகாணிகூட அந்த ஒரு துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும். போர்க்களத்தில் ஒன்றில் விசை உடைந்து, இன்னொன்றில் குழல் பிளந்தால், இரண்டையும் சேர்த்து ஒன்றாக்க முடியாது.

எந்த உறுப்பும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்த வேண்டும் என்ற கனவை முதலில் கண்டவர்களில் ஒருவர் பிரான்ஸ் நாட்டுத் துப்பாக்கி வினைஞர் ஒனோரே பிளாங்க். அப்போது பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1785இல் அவருடைய பட்டறைக்குப் போனார். குவித்து வைத்திருந்த உறுப்புகளிலிருந்து கண்டபடி எடுத்துத் தானே சில விசைப்பொறிகளைப் பூட்டிப் பார்த்து வியந்து, ஊருக்குக் கடிதம் எழுதினார். அந்த எண்ணம் கப்பலேறி அமெரிக்கா போனது. 1798இல் 10,000 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் எடுத்த எலி விட்னி, 1801இல் வாஷிங்டன் தலைவர்களுக்கு முன் இதேபோல் ஒரு காட்சி நடத்திக் கைதட்டல் வாங்கினார். பிற்கால வரலாற்றாசிரியர்கள் அவருடைய துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது, உறுப்புகளில் தனித்தனி அடையாளக் குறிகள் வெட்டப்பட்டிருந்தன. எது எதோடு சேரும் என்று குறித்து வைத்துத்தான் அவையும் பூட்டப்பட்டிருந்தன. புகழ் இன்றும் பாடநூல்களில் விட்னியின் பெயரிலேயே இருக்கிறது. உண்மையில் அந்தச் செயலை முடித்துக் காட்டியவருக்கு அந்தப் புகழ் போய்ச் சேரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அவர் ஜான் ஹால். அன்றைய வர்ஜீனியாவில் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி என்ற ஊரில், 1819 முதல் பின்புறமாகத் தோட்டா நிரப்பும் ஒரு ரைஃபிளைச் செய்யத் தொடங்கினார். அந்த ஒரு ரைஃபிளைச் சோதிக்க அவர் வைத்திருந்த கேஜ்கள் 63. கேஜ் என்பது அளவுகோல் அன்று. ஒரு குறிப்பிட்ட உறுப்பின் ஒரு குறிப்பிட்ட அளவுக்கென்றே செய்து கெட்டிப்படுத்திய எஃகு வார்ப்புரு. அதில் எண் கிடையாது, கோடு கிடையாது. உறுப்பு அதில் உட்கார்ந்தால் சரி, உட்காராவிட்டால் தவறு. ஒரே கேஜில் மூன்று படிகள் செய்து வைத்தார் ஹால். தொழிலாளியின் மேசையில் ஒன்று, மேற்பார்வையாளரிடம் ஒன்று, பூட்டி வைத்த பெட்டியில் ஒன்று. நாள் முழுக்க எஃகு உரசி உரசி மேசைக் கேஜ் தேயும். பெட்டிக்குள் இருக்கும் தலைமைக் கேஜ் வெளியே வருவது, மற்ற இரண்டும் தேய்ந்துவிட்டனவா என்று பார்க்க மட்டும்.

இதைவிட நுட்பமான ஒன்றும் ஹாலின் மூளையில் உதித்தது. ஓர் உறுப்பில் பத்துத் துளைகள் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் துளையிலிருந்து இரண்டாவதை அளந்து, இரண்டாவதிலிருந்து மூன்றாவதை அளந்து போனால், ஒவ்வோர் அளவிலும் விழும் சிறு பிசகு அடுத்ததோடு சேர்ந்துகொள்ளும். தடவைக்கு 0.1 மி.மீ. பிசகினால், பத்தாவது துளைக்கு வரும்போது கிட்டத்தட்ட 1 மி.மீ. விலகிவிடலாம். ஹால், உறுப்பில் ஒரே ஒரு புள்ளியை ஆதாரமாக வைத்து எல்லா அளவுகளையும் அந்த ஒன்றிலிருந்தே எடுக்கச் சொன்னார். அப்போது பத்தாவது துளையின் பிசகும் அதே 0.1 மி.மீ.தான். இன்று உலகில் எந்த இயந்திர வரைபடத்தை எடுத்தாலும் இந்த ஆதாரப் புள்ளி இருக்கும். 1834இல், வேறொரு மாநிலத்தில் மிடில்டவுன் நகரில் சிமியன் நார்த் என்பவர் செய்த ரைஃபிளின் உறுப்புகள், ஹால் செய்த ரைஃபிளில் ஒட்டிக்கொண்டன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இரண்டு ஆலைகள், ஒரே பொருள்.

இதனால் செலவு குறைந்ததா? இல்லை. தொடக்கத்தில் கூடியது. லாபம் பார்க்க வேண்டிய எந்த முதலாளியும் இவ்வளவு ஆண்டுகள் பொறுத்திருக்க மாட்டார். பணத்தைக் கொட்டியது அரசுக் கருவூலம், காரணம் போர். மனிதரைக் கொல்லும் கருவியைச் செம்மையாக்கத்தான் இத்தனை அறிவும் முதலில் திரண்டது என்பதை எழுதும்போது மனம் கனக்கிறது. ஆயுதச் சாலைகளில் பழகிய வினைஞர்கள் பிறகு தையல் இயந்திரத்துக்கும் மிதிவண்டிக்கும் மோட்டார் வாகனத்துக்கும் போனார்கள் என்பது ஆறுதல். உதிரிப்பாகக் கடை என்ற ஒன்று தெருவில் இருப்பதே அவர்கள் கொண்டுபோன பழக்கத்தால்தான்.

இனி கேஜின் முதிர்ந்த வடிவத்துக்கு வருவோம். எந்த உறுப்பையும் சரியாக 10 மி.மீ. என்று செய்ய முடியாது. எவ்வளவு நல்ல இயந்திரமும் ஒரு தடவை 10.01, ஒரு தடவை 9.99 என்றுதான் வெட்டும். ஆகவே வடிவமைப்பாளர் வரைபடத்தில் இரண்டு எல்லைகளைக் குறிக்கிறார். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே இருந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள். இந்த இடைவெளிக்குப் பொறுதி என்று பெயர், அதாவது பொறுத்துக்கொள்ளும் பிசகு. துளையின் கீழ் எல்லைக்கு ஒரு கேஜ், மேல் எல்லைக்கு ஒரு கேஜ். முதல் கேஜ் துளைக்குள் நுழைய வேண்டும். இரண்டாவது நுழையக் கூடாது. பட்டறைகளில் கோ, நோ-கோ என்று சொல்லும் இந்த ஜோடி இருந்தால், எண்ணே படிக்கத் தெரியாத ஒருவர்கூட ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான உறுப்புகளைச் சோதித்துத் தள்ளிவிடலாம்.

அமெரிக்க ராணுவம் இரண்டு உலகப் போர்களிலும் பயன்படுத்திய தேர்ட்டி-நாட்-சிக்ஸ் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். தோட்டா உட்காரும் அறையில், அதன் தோள்பட்டை தொடும் இடத்துக்கும் பின்னால் மூடிக்கொள்ளும் போல்ட்டின் முகத்துக்கும் இடையே உள்ள தூரம் மிக முக்கியம். இதைத் தலையிடைவெளி என்று சொல்லலாம். இதற்கான கோ கேஜின் அளவு 1.940 அங்குலம், நோ-கோ கேஜின் அளவு 1.946 அங்குலம். வித்தியாசம் 0.15 மி.மீ., அதாவது இரண்டு தலைமுடியின் தடிமன். தூரம் குறைந்தால் போல்ட் மூடாது. மிகுந்தால், சுடும் கணத்தில் பித்தளைத் தோட்டா பின்பக்கம் நீண்டு அறுந்துபோகலாம். உள்ளே அப்போது இருக்கும் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் 3,000 மடங்குக்கு மேல். அது பின்னால் கசிந்தால் சுடுபவரின் கண் போகும். பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு நம்பர் 4 ரைஃபிளில் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தார்கள். போல்ட்டின் தலை மட்டும் தனி உறுப்பு. 0, 1, 2, 3 என்று எண் பொறித்து, மிகச் சிறிதளவு நீளம் கூடிக்கொண்டே போகும் நான்கு தலைகள். ரைஃபிள் தேயத் தேய அடுத்த எண்ணுக்கு மாறிக்கொள்ளலாம்.

பொறுதியையும் இடைவெளியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அச்சுக்கும் அது சுழலும் துளைக்கும் நடுவே எவ்வளவு காலியிடம் விடுவது என்பது இடைவெளி. அந்தக் காலியிடம் ஒவ்வொரு துப்பாக்கியிலும் எவ்வளவு மாறலாம் என்பது பொறுதி. ஏகே ரைஃபிள் மணலிலும் சேற்றிலும் ஓடுவதற்கு அதன் பொறுதி தளர்வாக இருப்பதே காரணம் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். சரியல்ல. அதை வடிவமைத்த கலாஷ்னிகோவ் தாராளமாக விட்டது இடைவெளியை. தூசு புகுந்தாலும் நகர இடம் இருக்கட்டும் என்று வேண்டுமென்றே விட்டார். அந்த இடைவெளி எல்லா ரைஃபிளிலும் ஒரே மாதிரி தாராளமாக இருக்க வேண்டுமென்றால், பொறுதியைக் கட்டுக்குள் வைத்தே ஆக வேண்டும்.

சரி, உறுப்பைக் கேஜ் சோதிக்கிறது. கேஜை யார் சோதிப்பது?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவரும் ஒரு துப்பாக்கி ஆலைக்காரர். ஸ்வீடனில் எஸ்கில்ஸ்டூனா நகரத்து அரசு ரைஃபிள் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் ஜோஹான்சன். ஸ்வீடன் ராணுவம் ஜெர்மனியின் மவுசர் ரைஃபிளைத் தேர்ந்தெடுத்ததால், அதை உள்நாட்டில் செய்வது எப்படி என்று பார்த்துவர 1896இல் அவரை ஓபர்ன்டோர்ஃப் நகருக்கு அனுப்பினார்கள். மவுசர் ஆலையில் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எஃகுக் கட்டை என்று எக்கச்சக்கமான கட்டைகள் வைத்திருந்தார்கள். புதிய அளவு வந்தால் புதிய கட்டை. இத்தனையையும் எங்கள் ஊரிலும் செய்ய வேண்டுமா என்று யோசித்தபடியே ரயிலில் திரும்பினார் ஜோஹான்சன். வழியில் காகிதத்தில் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கு அழகோ அழகு. முதல் வரிசையில் 1.01 மி.மீ. முதல் 1.49 மி.மீ. வரை, 0.01 மி.மீ. இடைவெளியில் 49 கட்டைகள். இரண்டாம் வரிசையில் 0.50 முதல் 24.50 வரை, அரை மில்லிமீட்டர் இடைவெளியில் 49 கட்டைகள். மூன்றாவதாக 25, 50, 75, 100 என்று நான்கு. மொத்தம் 102. இவற்றை அடுக்கிச் சேர்த்தால் 1 மி.மீ. முதல் 201 மி.மீ. வரை 0.01 மி.மீ. இடைவெளியில் எந்த அளவையும் உண்டாக்கலாம். 37.86 வேண்டுமா? 25, 11.50, 1.36 மூன்றையும் சேருங்கள். 102 கட்டைகளுக்குள் ஏறத்தாழ 20,000 அளவுகள்.

கணக்கு எளிது, கட்டைகளைச் செய்வதுதான் பாடு. மூன்றை அடுக்கினால் மூன்றின் பிசகும் கூடிக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு கட்டையும் தேவைக்குப் பல மடங்கு துல்லியமாக இருக்க வேண்டும். வீட்டில் மனைவியின் தையல் இயந்திரத்தைத் தேய்ப்பு இயந்திரமாக மாற்றிக்கொண்டு ஜோஹான்சன் கட்டைகளை இழைத்தார். முகங்கள் அவ்வளவு தட்டையாக வந்ததில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. இரண்டு கட்டைகளை மெல்ல உரசிச் சேர்த்தால் ஒட்டிக்கொண்டன. பசை இல்லை, காந்தம் இல்லை. வெளிக்காற்று அழுத்துவதால் மட்டும் விளையும் ஒட்டலைவிட அது பல மடங்கு வலுவானது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் அளவுக்கு முகங்கள் நெருங்கிவிடுவதும், நடுவில் தங்கும் மிக மெல்லிய திரவப் படலமும் சேர்ந்து இதைச் செய்கின்றன. இன்று நம் ஐடிஐ மாணவர்களும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளும் ஸ்லிப் கேஜ் என்று எடுத்து உரசிச் சேர்ப்பது இந்தக் கட்டைகளைத்தான்.

இந்தக் கட்டைகள் அங்குலத்தையே மாற்றின. அன்றைய அமெரிக்க அங்குலம் 25.4 மி.மீ.க்கு ஒரு துளி அதிகம், பிரிட்டிஷ் அங்குலம் ஒரு துளி குறைவு. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 0.07 மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடி சுமார் 70 மைக்ரான். ஆக, தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் சண்டை. இரண்டு நாட்டுக்கும் கட்டை விற்க வேண்டிய ஜோஹான்சன், நடுவே நின்று சரியாக 25.4 என்று செய்து விற்றார். ஆலைகளெல்லாம் அந்தக் கட்டையை வைத்தே அளந்ததால் பழக்கம் சட்டத்தை முந்திக்கொண்டது. 1959இல் நாடுகள் கூடி அங்குலம் என்றால் 25.4 மி.மீ. என்று ஒப்புக்கொண்டன.

இவ்வளவு நுணுக்கத்தில் கைச்சூடுகூட எதிரி. 100 மி.மீ. எஃகுக் கட்டை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் நீளும். கையில் சிறிது நேரம் வைத்திருந்தாலே போதும், கட்டை பொய் சொல்லத் தொடங்கிவிடும். அதனால்தான் உலகெங்கும் அளவை அறைகள் 20 டிகிரியில் வைக்கப்படுகின்றன. கேஜ் கட்டையின் அளவு இவ்வளவு என்று சொன்னால், 20 டிகிரியில் இவ்வளவு என்றே பொருள்.

ஆனால் கேஜ் எவ்வளவு கூர்மையானாலும் அதற்குத் தெரிவது வடிவம் மட்டுமே. எஃகின் உள்ளே நடப்பது தெரியாது. இதற்கு விலை கொடுத்துப் பாடம் படித்ததும் ஸ்பிரிங்ஃபீல்டுதான். 1903இல் அறிமுகமான ரைஃபிளின் ரிசீவரை, அதாவது குழலும் போல்ட்டும் பூட்டப்படும் நடு உடலை, பழுக்கக் காய்ச்சி அடித்து உருவாக்கினார்கள். எவ்வளவு சூடு போதும் என்பதைப் பழுத்த எஃகின் நிறத்தை வைத்து அனுபவசாலிகள் கண்ணாலேயே முடிவு செய்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில் சில ரைஃபிள்கள் வெடித்துச் சிதறியபோது காரணம் தேடினார்கள். வெயில் அடிக்கும் நாளில் பட்டறைக்குள் வெளிச்சம் கூடும், பழுத்த எஃகு மங்கலாகத் தெரியும். இன்னும் சூடு போதவில்லை என்று நினைத்து மேலும் காய்ச்சிவிடுவார்கள். மேகமூட்டமான நாளுக்கும் வெயில் நாளுக்கும் நடுவே வேறுபாடு 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருந்தது. கருகிய எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெற்றுவிடுகிறது. அளவு சரி, மெருகு அருமை, கேஜ் எல்லாம் தேர்ச்சி. வானத்தில் மேகம் இருந்ததா என்பதுதான் துப்பாக்கியின் விதியைத் தீர்மானித்திருந்தது. அதன்பின் வெப்பமானிகள் வந்தன, பதப்படுத்தும் முறையும் மாறியது. அதற்குள் ஸ்பிரிங்ஃபீல்டில் சுமார் 8,00,000 ரைஃபிள்களும் ராக் ஐலண்டு ஆயுதச் சாலையில் 2,85,000க்கு மேலும் பழைய முறையில் வெளியேறிவிட்டன.

எஃகின் உள்ளத்தை அறியப் பழைய வழி ஒன்று உண்டு. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை வேண்டுமென்றே போட்டு, பாதுகாப்பான கூண்டுக்குள் வைத்து வெடிப்பது. தாங்கினால் முத்திரை குத்துவார்கள். இந்தச் சோதனையை நடத்தும் லண்டன் துப்பாக்கி வினைஞர் சங்கம் 1637இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைக் கூடம் 1813இல் வந்தது. இரண்டும் இன்றும் இயங்குகின்றன. ஐரோப்பிய விதிகளின்படி ரைஃபிளுக்கு இந்தச் சோதனை அழுத்தம், அனுமதித்த உச்ச அழுத்தத்தைவிடக் கால்பங்கு அதிகம். ஆனாலும் மேலே சொன்ன கருகிய ரிசீவர்கள் இப்படிப்பட்ட சோதனையையும் தாண்டித்தான் வந்திருந்தன. இன்று தாங்கிய விரிசல், நாளை வளர்ந்து பிளக்கும்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டிக்கொடுத்தது ஒரு தற்செயல். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்க அளவைக் கழகத்தில் வில்லியம் ஹோக், காந்தப் பிடியில் எஃகைப் பொருத்திச் சாணை பிடிக்கும்போது ஒன்றைக் கவனித்தார். உதிர்ந்த இரும்புத் துகள்கள் சில இடங்களில் மட்டும் கோடாகச் சேர்ந்து நின்றன. உற்றுப் பார்த்தால் அங்கே விரிசல். எஃகுக்குள் ஓடும் காந்தப் புலம் விரிசலைத் தாண்ட முடியாமல் வெளியே கசிகிறது. கசியும் இடத்தில் துகள்கள் போய் ஒட்டிக்கொள்கின்றன. இந்த ஹோக்கும் கேஜ் கட்டைகளிலிருந்து வந்தவர்தான். முதல் உலகப் போரின்போது அமெரிக்காவிலேயே கேஜ் கட்டை செய்யும் வழி கண்டவர். ராணுவ ரைஃபிள் போல்ட்டுகள் இப்போது முதலில் மிகையழுத்தத் தோட்டாவால் அடிபட்டு, பிறகு காந்தத் துகள் சோதனைக்குப் போகின்றன. அடி விரிசலைத் திறக்கிறது, துகள் அதைக் காட்டுகிறது.

தோட்டாவுக்கு இந்த வழியெல்லாம் உதவாது. வெடிக்கிறதா என்று பார்த்தால் தோட்டா தீர்ந்துவிடும். எல்லாவற்றையும் சோதித்தால் விற்க ஒன்றும் மிஞ்சாது. இங்கே கைகொடுத்தது நிகழ்தகவுக் கணிதம். ஒரு குவியலிலிருந்து 50 எடுத்துச் சுடுகிறோம், ஒன்றுகூடப் பழுதில்லை என்றால் மட்டும் குவியலை ஏற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். குவியலில் நூற்றுக்கு ஒன்று பழுது என்றால், அது இந்தச் சோதனையில் தப்பிவிடும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம். நூற்றுக்குப் பத்து பழுது என்றால் தப்பும் வாய்ப்பு வெறும் அரை சதவீதம். பெல் ஆய்வுக்கூடத்தில் ஹரால்டு டாட்ஜும் ஹாரி ரோமிக்கும் தொலைபேசி உறுப்புகளுக்காக வளர்த்த இந்தக் கணக்கு, இரண்டாம் உலகப் போரில் ஆயுதத் துறைக்கு அட்டவணையாகவே போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1950இல் ஒரு ராணுவத் தரநிலையும் பிறந்தது. குறைகளை அது மூன்றாகப் பிரித்தது: உயிருக்கு ஆபத்தானது, பயனைக் கெடுப்பது, சில்லறையானது. இந்தப் பிரிப்பு எனக்கு மிகப் பிடிக்கும். எல்லாக் குறைகளையும் ஒரே கோபத்தோடு பார்ப்பவரால் எதையும் பெருவாரியாகச் செய்ய முடியாது.

எந்தக் குறையைப் பொறுக்கலாம் என்ற இந்தக் கேள்வியில்தான் மேற்பூச்சு என்னும் சங்கதியும் வந்து சேர்கிறது. பழைய துப்பாக்கிகளில் பளபளக்கும் கருநீலத்தை எல்லோரும் பார்த்திருப்போம். அது சாயமல்ல, துருவின் இன்னொரு பிறவி. எஃகை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் போட்டால் செந்துரு கருப்பு ஆக்சைடாக மாறுகிறது. தளர்ந்ததைத் துடைத்துவிட்டு, மறுபடி துரு, மறுபடி கொதிநீர் என்று பல தடவை செய்வார்கள். உண்டாகும் படலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான்தான். அவ்வளவு மெல்லியதால் அடியில் இருக்கும் ஒரு கீறலைக்கூட அது மறைக்காது. பளபளப்பு முழுவதும் அதற்கு முன் செய்த மெருகில்தான் இருக்கிறது. மெருகு என்றால் கையும் நேரமும். போர் வந்தால் இரண்டும் கிடைக்காது.

1906இல் பிரிட்டனில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் பதிவு செய்த பாஸ்ஃபேட் பூச்சு அப்போது கைகொடுத்தது. 1915இல் டெட்ராய்ட் நகரில் இதற்கென்றே தொடங்கிய பார்க்கர் நிறுவனத்தால் இதற்குப் பார்க்கரைசிங் என்று பெயர் வந்தது. இதற்கு மெருகே வேண்டாம். மணலை வீசியடித்துச் சொரசொரப்பாக்கிய எஃகைச் சூடான பாஸ்ஃபேட் கரைசலில் முக்கி எடுத்தால், மேலே நுண்ணிய படிகங்கள் அடர்ந்து வளர்கின்றன. சாம்பல் நிறம், பார்வைக்கு மங்கல். அந்த மங்கலே படைவீரருக்கு நன்மை, வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்காது. படிகங்களின் சந்துகள் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொள்வதால் துருவும் எளிதில் நெருங்காது. மலிவான பூச்சே சிறந்த பூச்சாக அமைந்த அரிய இடம் இது.

அந்தச் சாம்பல் நிறத்தின் கீழ் அமெரிக்கா 1942க்கும் 1945க்கும் நடுவே எம்1 கார்பைன் என்ற சிறு ரைஃபிளை 60 லட்சத்துக்கு மேல் செய்தது. செய்தவர்களில் துப்பாக்கி மரபு உள்ள வின்செஸ்டர் ஒன்று. மற்றவர்கள் தட்டச்சுப்பொறி செய்த அண்டர்வுட், கணக்கு இயந்திரம் செய்த ஐபிஎம், காசு போட்டால் பாடும் பெட்டி செய்த ராக்-ஓலா போன்றோர். ஓர் ஆலையில் உறுப்பு மிஞ்சினால், பற்றாக்குறையான ஆலைக்கு ரயிலேறிப் போகும். அங்கே அப்படியே பொருந்தும். இர்வின்-பெடர்சன் என்ற நிறுவனம் மட்டும் தேறவில்லை. அதன் கார்பைன்களை ராணுவம் ஏற்காததால் 1943இல் ஒப்பந்தம் ரத்தாகி, ஆலை வேறு கைக்கு மாறியது. பெரும்போரின் அவசரத்திலும் நோ-கோ கேஜ் நோ-கோவாகவே இருந்தது.

எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற தேர்வில் ஒரு நாட்டின் நெருக்கடியையே படிக்கலாம். ஜப்பானின் டைப் 99 ரைஃபிள் 1939இல் வந்தபோது, குழலின் உட்புறத்துக்குக் குரோமியப் பூச்சு, தூசு மூடி, தூக்கி நிறுத்த ஒரு கால், விமானத்தைக் குறிபார்க்கச் சிறகுகள் எல்லாம் இருந்தன. போர் எதிராகத் திரும்பியதும் இவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கடைசி ஆண்டு ரைஃபிள்களில் அரத்தின் தடங்கள் அப்படியே தெரிகின்றன, கட்டையின் அடியில் இரும்புத் தகட்டுக்குப் பதில் மரம்.

சோவியத் நாட்டில் கதை எதிர்த்திசையில் போனது. ஏகே ரைஃபிளின் உடலை மெல்லிய எஃகுத் தகட்டை அழுத்தி மடித்துச் செய்யத்தான் முதலில் திட்டமிட்டார்கள். தகடு மலிவு, வேகம் அதிகம். ஆனால் மடித்த தகட்டில் உள்தண்டவாளங்களைப் பற்றவைக்கும்போது கோணிப்போய், கழிக்க வேண்டியவை குவிந்தன. 1950களின் தொடக்கத்தில் கெட்டி எஃகைக் குடைந்து செய்யும் பழைய வழிக்கே திரும்பினார்கள். தகட்டு வேலை கைவந்து, ஏகேஎம் என்ற வடிவமாக மீண்டது 1959இல். எளிமையாகத் தெரியும் அந்தத் தகட்டுப் பெட்டிக்குப் பின்னால் ஏறத்தாழ பத்தாண்டு உழைப்பு இருக்கிறது.

கடைசியாக, சில மைக்ரான் பூச்சு உயிரின் விலையான இடம். வியட்நாமில் அமெரிக்கப் படைவீரர்களுக்குக் கொடுத்த எம்16 ரைஃபிள்கள் 1966, 67இல் சண்டைக்கு நடுவே அடைத்துக்கொண்டன. சுட்ட தோட்டாவின் கூடு அறையை விட்டு வெளியே வர மறுத்தது. தோட்டா மருந்தின் வகையை மாற்றியிருந்தார்கள், அதனால் கரி அதிகம் படிந்தது. துடைக்கும் சாதனங்களும் போதிய அளவில் போகவில்லை. இத்தோடு தோட்டா அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. அந்த ஈரக் காட்டில் வெற்று எஃகுச் சுவர் துருவேறிப் பள்ளம் பள்ளமாக அரித்தது. சுடும்போது விரியும் பித்தளை அந்தப் பள்ளங்களில் பதிந்து பிடித்துக்கொண்டது. பசிபிக் போரில் ஜப்பானியக் குழல்களுக்குள் மின்னிய அதே குரோமியத்தை இங்கே சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு 1967இல் இதை விசாரித்துக் கடுமையாக அறிக்கை எழுதியது.

முதலில் தோட்டா அறைக்கு மட்டும் குரோமியம் வந்தது, குழல் முழுவதற்கும் வரச் சில ஆண்டுகள் பிடித்தன. தாமதத்துக்குக் காரணம் குழலின் ஒடுக்கம். உள்விட்டம் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு, நீளமோ அரை மீட்டர். அதன் நட்டநடுவே ஒரு மின்முனைக் கம்பியை இழுத்துக் கட்டி, குரோமியக் கரைசலை ஓடவிட்டு, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். கம்பி நடுவிலிருந்து நூலிழை விலகினாலும் ஒரு பக்கச் சுவரில் பூச்சு தடித்து, எதிர்ப்பக்கத்தில் மெலியும், குண்டு குறி தவறும். பூச்சு எவ்வளவு தடிக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு, குழலை அந்த அளவு அகலமாகக் குடைந்து வைக்க வேண்டும். ஆகவே பூச்சுக்கு முன் ஒரு ஜோடி கேஜ், பூச்சுக்குப் பின் இன்னொரு ஜோடி.